அப்பாவின் இலைக்குத் தனிக் கோழி

அண்ணா,

அன்று திங்கட்கிழமை காலை அப்பாவின் செருப்பு காலில் ஏறவில்லை. நான் முதலில் பார்த்தது அதைத்தான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வார் அறுந்துவிடும்போல் காலை நுழைத்துக்கொண்டிருந்தார். குனிந்து அவர் கால்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. முந்தின நாள்தான் நீயும் பெரியம்மாவும் அப்பாவை மலைமேல் மாட்டுப்பட்டிக்கு, உனக்குப் பேசியிருக்கும் மலரின் வீட்டுக்கு, கூட்டிப்போய் வந்திருந்தீர்கள். முதல் தடவை வயசுப்பிள்ளைகள் வேண்டாம் என்று பெரியம்மா சொல்லிவிட்டதால் நான் வரவில்லை. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். அப்பா திருடிப் பிடிபட்ட பிள்ளைபோலச் சிரித்தார். "கை நனைக்காம எந்திரிச்சா புள்ளைய வேண்டாம்னு சொன்னாப்புல ஆயிரும் அம்முணி" என்றார். நான் சோறு கட்டிக் கொடுத்த தூக்குப்போசி வாடகைக் காரின் பின்பக்கமே கிடந்து, திறக்கப்படாமல் திரும்பி வந்திருந்தது. அதை அங்கே வைத்தது நீ.

உடனே ஆட்டோ பிடித்துப் பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டயாலிசிஸ் நாளுக்கு முன்பே வந்து நிற்கிறோமே என்று சிஸ்டர் கேட்கவில்லை. அப்பா மூச்சு வாங்குவதைப் பார்த்ததும், எந்தக் கல்யாணத்துக்குப் போனீர்கள் என்று மலையாளத்தில் கேட்டார். எடை மெஷினில் ஏற்றிப் பார்த்துவிட்டு என்னைத்தான் திட்டினார். நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். உன் பெயரை நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு நிற்கிற பிள்ளைக்குப் புத்தி சொல்லி எழுத வேண்டியது அம்மா. அம்மா இருந்திருந்தால் உன்னை எதிரே உட்காரவைத்து, தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள். அவள் இல்லை. அப்பா சொல்லமாட்டார். பெரியம்மா சொல்வதெல்லாம் நீ கேட்க விரும்புவதை. மிச்சம் இருப்பது நான். உன்னைவிட ஏழு வயது சின்னவள், பிளஸ் ஒன் பாதியில் நின்றவள், வீட்டுக்கு ஆள் வந்தால் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நிற்பவள். ஆனாலும் இந்த வீட்டில் உலை வைப்பவள் நான்தான். சோறு போடுகிற கைக்கு ஒரு வார்த்தை சொல்லும் உரிமை உண்டு என்று நினைக்கிறேன். உனக்கு மட்டும் அனுப்பினால் படிக்காமல் விடுவாய். அதனால் குடும்பக் குழுவில் போடுகிறேன். பெரியம்மாவும் சித்தப்பா வீட்டாரும் படிக்கட்டும்.

நீ அன்பில்லாதவன் என்று நான் சொல்லவரவில்லை. நான் அப்பாவுக்குச் சமைக்கிற ஸ்லோ குக்கரை, கரண்டில் மணிக்கணக்காக மெல்ல வேகவைக்கிற அந்தப் பானையை, கொண்டுவந்தவனே நீதான். மாட்டுப்பட்டியில் நீ வேலை பார்க்கிற ரிசார்ட்டில் குடில்களுக்கெல்லாம் புதுச் சாமான் வாங்கியபோது, பழையதில் ஒன்றைக் கேட்டு வாங்கி, அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாய். அப்போது அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. விடியுமுன் நம் ஊர் எலப்புள்ளியில் பஸ் ஏறினால் திரும்பிவர மாலையாகும். பசி தாங்காமல் பாலக்காடு பஸ் ஸ்டாண்டில் புரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிடுவார். வீட்டுக்கு வந்ததும் தாகம். தாகத்துக்குத் தண்ணீர். தண்ணீர் போக வழி இல்லாத உடம்பில் அது எங்கே போகும்? காலையில் போட்டுவிட்டுப் போனால் வரும்போது சோற்றுக்குக் கறி தயாராக இருக்கும் என்று நீதான் சொன்னாய். அப்பா அதற்குத் தூங்குமூஞ்சிப் பானை என்று பெயர் வைத்தார். "எழுப்பிப் பாக்கட்டுமா" என்று கேட்டுக்கொண்டே மூடியைத் திறந்துவிடுவார். திறந்தால் சூடெல்லாம் போய்விடும், மறுபடி நேரம் பிடிக்கும் என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை.

முதல் தடவை நம் வீட்டுக் குழம்புக்கு ஊற்றுகிற மாதிரியே தண்ணீர் ஊற்றினேன். அந்தப் பானையில் ஆவி வெளியே போவதில்லை. கோழி குளத்தில் மிதந்தது. அன்று நீயும் சாப்பிட்டாய், ரசம் அருமை என்றாய். பிறகு கற்றுக்கொண்டேன். கோழியே தண்ணீர் விடும், நாம் ஊற்ற வேண்டியதில்லை. சின்ன வெங்காயத்தையும் இஞ்சி பூண்டையும் முதலில் வாணலியில் வதக்கித்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் பச்சை வாசம் கடைசிவரை போகாது. பாக்கெட் மசாலாவில் நமக்குத் தெரியாமலே உப்பு இருக்கிறது. அதனால் மல்லியும் மிளகும் வரமிளகாயும் நானே வறுத்துப் பொடிக்கிறேன். தேங்காய் பெயருக்குத்தான். புளி இல்லை. தக்காளி ஒரு துண்டு. உருளைக்கிழங்கு போடுகிற நாளில், அதிலிருக்கும் பொட்டாசியம் இறங்கட்டும் என்று நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் பானையில் சேர்ப்பேன். இறக்கும்போது கறிவேப்பிலையும் எலுமிச்சைச் சாறும். புளிப்பும் காரமும் சரியாக நின்றால் உப்பு இல்லாத குறை பாதி தெரியாது. மீதிப் பாதி தெரியும். அதை அப்பா சொன்னதே இல்லை.

கிட்னிக்காரருக்குக் கோழி எதற்கு என்று கேட்பவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டயாலிசிஸ் தொடங்குமுன் குறைக்கச் சொன்னார்கள், தொடங்கிய பிறகு சாப்பிடச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் உடம்பின் சத்து கொஞ்சம் வெளியே போகிறது, அதை ஈடுகட்ட வேண்டும். துண்டுகள் வேண்டும், குழம்புதான் ஒரு கரண்டிக்குமேல் கூடாது, அதுவும் தண்ணீர்க் கணக்கில் சேரும். பெரியம்மா, நீங்கள் சிறுநீரகத்துக்கு நல்லது என்று இளநீர் வெட்டிக் கொண்டுவந்து ஒளித்துக் கொடுத்தீர்களே, அதில் இருக்கிற பொட்டாசியம் அப்பாவின் நெஞ்சை நிறுத்திவிடும் என்று அப்போதே சொன்னேன். அண்ணா, நீயும் சோடியம் குறைந்த உப்பு என்று ஒரு பாக்கெட் வாங்கிவந்தாய். உன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். சிஸ்டரிடம் காட்டினேன். சோடியத்துக்குப் பதில் அதில் போட்டிருப்பது பொட்டாசியம், சாதா உப்பைவிட இவருக்கு இது மோசம் என்றார். உனக்கு வருத்தமாக இருக்குமே என்று சொல்லாமல் குப்பையில் போட்டேன். அன்பாகக் கொடுத்தது என்பதற்காக அப்பாவின் உடம்பு அதை மன்னிக்காது. இதை நீ கற்றுக்கொள்ள வேண்டும். நாளைக்கு உனக்கும் ஒரு குடும்பம் வருகிறது.

இப்போது நம் வீட்டில் விருந்து வைத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மாட்டுப்பட்டிக்காரர்கள் நம் வீடு பார்க்க வருகிறார்கள் என்றாய். அங்கே அப்பா கை நனைத்தாயிற்று, இங்கே அவர்கள் நனைத்தால் கல்யாணம் உறுதி. நாம் கொங்குப் பக்கம், அவர்கள் திருநெல்வேலியிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர்கள், பேச்சிலிருந்து பலகாரம்வரை எதுவும் ஒத்துப்போகவில்லை. இந்த ஒரு வழக்கம்தான் ஒத்துப்போனது. சமையலுக்கு ஆள் வைத்தாய். அப்பாவை முழுக்கைச் சட்டை போடச் சொன்னாய், ஊசி போட்டுப் போட்டுப் புடைத்த நரம்பு தெரியக் கூடாது என்று. அவர்களிடம் அப்பாவுக்கு வயிற்றுப்புண் என்று சொல்லியிருக்கிறேன், ஒரு நாள் எல்லோரோடும் உட்கார்ந்து அதே கறியைச் சாப்பிட்டுவிடட்டும் என்றாய். செருப்பு ஏறாத காலை நான் உனக்குப் போனில் படமெடுத்து அனுப்பிய பிறகும் இதைச் சொன்னாய். பெரியம்மா என்னைத் தனியாக அழைத்து, "ஏங் கண்ணு, ஒரு நாளைக்கு உப்புப் போட்டுத் தின்னா உசுரா போயிரும்? சம்மந்திகாரங்க முன்னால பத்தியச் சோறு வெச்சா நல்லாவா இருக்குது?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. நான் பதில் சொல்லாவிட்டால் சம்மதம் என்று நீங்கள் எல்லோரும் பழகியிருக்கிறீர்கள்.

விடியற்காலையில் எழுந்து பானையை வைத்தேன். சமையல்காரர்கள் வாசலில் பெரிய அடுப்பு மூட்டி நாட்டுக்கோழியை வேகவைத்துக்கொண்டிருந்தபோது உள்ளே என் பானையும் வெந்துகொண்டிருந்தது. பந்தி போட்டார்கள். அப்பா, அவர் பக்கத்தில் மலரின் அப்பா, எதிர்வரிசையில் மலரின் அம்மாவும் மற்றவர்களும். இலையில் சோறு விழுந்தது. சமையல்காரர் குழம்பு வாளியோடு அப்பாவின் இலைக்கு வந்தார். நான் பானையைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு கதவுக்குப் பின்னாலிருந்து வந்து, அவர் ஊற்றுமுன் குனிந்து, அப்பாவின் இலையில் கோழியை வைத்தேன்.

மலரின் அப்பா சிரித்தபடிதான் கேட்டார். "என்ன சம்மந்தி, ஒங்களுக்கு மட்டும் தனிக் கறியா? நாங்க என்ன பாவம் செஞ்சோம்?" எல்லோரும் சிரித்தார்கள். நீ வேகமாக வந்து, அப்பாவுக்கு வயிற்றுப்புண், காரம் சேராது என்றாய். அந்தக் கோழியின் மேல் மிளகு கறுப்பாக அப்பிக்கிடந்தது. மலரின் அப்பா அதைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

"அப்பாவுக்குக் கிட்னி ரெண்டும் போயிருச்சுங்க. வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ் பண்றோமுங்க. உப்புச் சேத்தக் கூடாதுங்க."

மலரின் அப்பாவின் கை இலைக்கு மேலே இருந்தது, இன்னும் சோற்றைத் தொடவில்லை. அதை மெதுவாக மடிமேல் வைத்துக்கொண்டார். பிறகு அவர் எழுந்தார். கோபமாகப் பேசியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "சீக்கு எல்லா வீட்டுலயும் இருக்கு. எங்க தோட்டத்து லயத்து வீடுகள்லயும் இருக்கு. அதுக்குப் பொண்ணு குடுக்க மாட்டோம்னு நாங்க சொல்லுவமா? எங்க வீட்டுல சோத்தப் போட்டு இந்த மனுசனைக் கொல்லப் பாத்திருக்கோம், அதக்கூடச் சொல்லலியேய்யா" என்று உன்னிடம்தான் சொன்னார். மலரின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கை நனைக்காமல் எல்லோரும் வண்டி ஏறினார்கள்.

அப்புறம் நீ என்னைக் கேட்டாய், "பதினெட்டு வருசம் மூடிக் கெடந்த வாயி, இன்னைக்குத்தான் தெறக்கோணுமா?" என்று. நல்ல கேள்விதான். பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். சமையல்காரர்கள் அண்டாவைச் சுற்றி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். நீங்கள் யாரும் பந்தியைத் திரும்பிப் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். அவ்வளவு காலி இலைகளுக்கு நடுவில் அப்பா மட்டும் உட்கார்ந்திருந்தார். முழுக்கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு, நான் வைத்த கோழியை எலும்புவரை சாப்பிட்டு முடித்தார். எழுந்து கை கழுவியபோது, "இன்னைக்கு எலுமிச்சை கொஞ்சம் தூக்கல் அம்முணி" என்றார்.

மறுநாள் நீ மாட்டுப்பட்டிக்குப் போய்விட்டாய். அங்கிருந்து செய்தி அனுப்பினாய். மலரின் வீட்டுக்கு நான் போன் செய்ய வேண்டுமாம். சின்னப் பெண், விவரம் தெரியாமல் உளறிவிட்டேன், அது தற்காலிகமாகச் செய்கிற டயாலிசிஸ், சீக்கிரம் நின்றுவிடும் என்று சொல்ல வேண்டுமாம். மன்னிப்பும் கேட்க வேண்டுமாம். அதை அப்பாவும் படித்தார், என் போனில்தான் படித்தார். படித்துவிட்டு, "கல்யாணத்தன்னிக்கு நான் வராம இருந்துக்கறனே. ஆஸ்பத்திரி நாள்னு சொல்லிரலாம்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம்கூட இல்லை. ஏதோ பஸ்ஸில் இடம் விட்டுக்கொடுப்பதுபோலச் சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை. அந்த நிமிடத்தில்தான் உனக்கு இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

மன்னிப்புக் கேட்க மாட்டேன். சொன்னதற்காகக் கேட்க மாட்டேன். இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததற்காக வேண்டுமானால் கேட்பேன், அதுவும் அவர்களிடம், உன்னிடம் அல்ல. டயாலிசிஸ் நிற்கப்போவதில்லை. நின்றால் அப்பா இல்லை என்று அர்த்தம். அவர் உன் கல்யாணத்துக்கு வருவார். அரைக்கைச் சட்டையில் வருவார். முதல் வரிசையில் உட்காருவார். பந்தியில் அவர் இலையில் நான் சமைத்ததை நானே வைப்பேன். ஊரே பார்க்கட்டும். அப்பாவின் கையைப் பார்த்து ஒருத்தர் முகம் சுளித்தால், அவர் வீட்டில் நாம் ஏன் கை நனைக்க வேண்டும்?

உனக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலர் இந்த வீட்டுக்கு வரப்போகிறவள். அவளிடம் நீ சொல்லியிருந்தாயா என்று எனக்குத் தெரியாது. சொல்லவில்லையென்றால், வந்த முதல் வாரமே அந்தப் பானையைப் பார்த்து இது என்ன என்று கேட்பாள். அப்போது அவளிடம் வயிற்றுப்புண் கதையைச் சொல்வாயா? பிறகு ஒவ்வொரு நாளும் அந்தக் கதைக்கு உப்புப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அம்மா இருந்திருந்தால் இதையே வேறு மாதிரி, உன் மனம் நோகாமல் சொல்லியிருப்பாள். எனக்கு அந்தப் பக்குவம் இல்லை. நீ மறைத்தது அப்பாவின் நோயை என்று நினைக்கிறாய். அப்பாவையே அல்லவா மறைத்தாய்? முழுக்கைச் சட்டைக்குள்ளே, காரின் பின்பக்கத் தூக்குப்போசிக்குள்ளே.

நான் படிப்பை விட்டதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாவம் அந்தப் பிள்ளை, அப்பனுக்காகப் பள்ளிக்கூடத்தை விட்டாள் என்று இந்தக் குழுவில் இருப்பவர்களே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பாவம் என்று சொல்கிற வாய்தான் ஒரு நாளைக்கு என்ன ஆகிவிடும் என்றும் சொல்கிறது. ஒரு நாள் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் என்னோடு ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். காத்திருக்கும் கூடத்தில் உட்காருங்கள். தீபாவளிக்கு அடுத்த நாளும் ஓணத்துக்கு அடுத்த நாளும் அங்கே எப்படி இருக்கும் என்று பாருங்கள். அங்கே என்னிடம் இந்தக் கோழி எப்படிச் செய்வது என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். சர்க்கரையும் சேர்ந்து உள்ளவர்களுக்கு உருளைக்கிழங்கை விட்டுவிட்டு என்ன சேர்க்கலாம் என்று சிஸ்டரிடம் நான் கேட்டுவந்து சொல்கிறேன். அங்கே நான் கதவுக்குப் பின்னால் நிற்பதில்லை. படிக்க வேண்டும் என்று தோன்றினால் மறுபடி படிப்பேன். அது என் பாடு.

நீ போன் செய்யச் சொன்னாய் அல்லவா? செய்தேன். நீ சொல்லச் சொன்னதற்காக அல்ல. போன் என்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், உனக்குத் தெரியும். கொல்லைப்புறத்தில் நின்று, முதல் தடவை மணி அடித்ததும் துண்டித்துவிட்டேன். அவர்களே திருப்பிக் கூப்பிட்டார்கள். மலரின் அம்மா. யார் என்று சொன்னேன். பிறகு நான் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"ஏனுங்க, உங்க ஊட்டுல ஒரு பிளக் பாயிண்ட் கெடைக்குங்களா? எங்க பானைக்குக் கரண்டு ரொம்ப வேண்டாமுங்க, ரெண்டு குண்டு பல்பு எரியற அளவுதானுங்க. நாயித்துக்கெழமை அப்பாவக் கூட்டிட்டு வர்றனுங்க. உங்க ஊட்டுலயே சமைச்சு, உங்க ஊட்டுலயே அவர் சாப்பிடோணுமுங்க. அப்புறம் நீங்க என்ன முடிவு பண்ணுனாலும் செரிங்க."

அந்தப் பக்கம் யாரோ அவரிடம் என்ன என்று கேட்பதும், அவர் பேசாதே என்று அதட்டுவதும் கேட்டது. பிறகு சொன்னார்: "அடுப்புக்குப் பக்கத்துல ஒண்ணு இருக்கு தாயி. பொழுது சாஞ்சா இங்க கரண்டு கம்மியாத்தான் வரும், வெளிச்சத்துலயே வந்து சேருங்க. கோழி நீ தூக்கிட்டு வர வேண்டாம்."

அவர்கள் என்ன முடிவு செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. நீ இன்று ரிசார்ட்டில் லீவு கேட்பாயா என்பதும் தெரியாது. அப்பாவிடம் சொன்னேன். எந்தச் சட்டை என்று மட்டும் கேட்டார். அரைக்கைச் சட்டையைத் தேய்த்து வைத்தேன். நேற்று சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து வந்ததும் மல்லியும் மிளகும் வறுத்துப் பொடித்து ஒரு டப்பாவில் அடைத்தேன். இன்று காலை பீங்கான் பானையைத் தனியாகவும் அடிப்பகுதியைத் தனியாகவும் பழைய போர்வையில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டி, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மாட்டுப்பட்டிக்குப் போக முதலில் பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறினேன்.